செயலாளர் சாம்பசிவமும் சும்மா கிடைத்த சிஸ்டமும்

மலேசியாவின் கேமரன் மலையில், கம்போங் ராஜாவுக்கும் கோலா தெர்லாவுக்கும் நடுவில், பெரிய ரோட்டை விட்டு மலைமேல் ஏறினால் ஒரு தேயிலைத் தோட்டம் வரும். பெயரைச் சொன்னால் அங்குள்ள இரண்டு கோஷ்டியும் சேர்ந்து என்மேல் சண்டைக்கு வரும். அதனால் மேல் டிவிஷன் என்றே வைத்துக்கொள்வோம். அந்த மேல் டிவிஷன் நற்பணி மன்றத்துக்கு சாம்பசிவம்தான் நெடுங்காலமாகச் செயலாளர். தலைவர்கள் மாறினார்கள். பொருளாளர்கள் மனஸ்தாபப்பட்டு ஈப்போவுக்குக் குடிபெயர்ந்தார்கள். இவர் மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை. காரணம் ரொம்பச் சுலபம். அவர் எதிலும் முடிவெடுத்ததே இல்லை. முடிவே எடுக்காத மனிதர்மேல் யாருக்குக் கோபம் வரும், சொல்லுங்கள்.

"செயலாளருன்னா குறிப்புதான் எடுக்கணும், முடிவு எடுக்கக்கூடாது" என்பது அவருடைய கொள்கை. மன்றத்துக்கு மட்டும் வைத்திருந்த கொள்கை இல்லை அது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு, அப்பா ஓய்வு பெற்ற இடத்தைக் கம்பெனி இவருக்குக் கொடுத்தது. பச்சைக் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து வெதுவெதுப்பான காற்றைவிட்டு வாட்டுகிற தொழிற்சாலை மாடியில் வேலை. பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, இவரும் யோசிக்கவில்லை. கல்யாணத்துக்கு இரண்டு இடம் வந்தபோது அவருடைய அம்மா மாரியம்மன் சந்நிதியில் பூக்கட்டிப் பார்த்தார். வெள்ளைப்பூ வந்தது, கூடவே ரிங்லெட்டிலிருந்து ரஞ்சிதமும் வந்தார். மகள் பிறந்ததும் உமாதேவி என்ற பெயரைப் பக்கத்து வீட்டுக்காரர் முன்மொழிந்தார், எதிர்வீட்டுக்காரர் வழிமொழிந்தார். இரவு தோசையா சப்பாத்தியா என்று ரஞ்சிதம் கேட்டால், "பெரும்பான்மை என்னா சொல்லுது?" என்று கேட்பார். வீட்டில் இருந்ததே மூன்று பேர்தான்.

"இந்த மனுசனுக்குத் தும்மல் வந்தாக்கூட கூட்டம் போட்டுக் கேட்டுட்டுதான் தும்முவாரு" என்பார் ரஞ்சிதம். கொழுந்து வெட்டும் கத்தரியைப் பிடித்துப் பிடித்துக் கை இறுகிய பெண். வாயும் அந்தக் கத்தரிக்குச் சளைத்ததல்ல.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில், போன தீபாவளிக்குச் சற்று முன்னால் கம்ப்யூட்டர் வந்து விழுந்தது. தோட்டத்து ஆபீசில் இருந்த பெட்டிகளின் பழைய விண்டோஸுக்கு இனிமேல் பாதுகாப்பு கிடைக்காது, புது விண்டோஸோ அந்தப் பெட்டிகளில் ஏறாது என்று சொல்லி, துரை எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். கழித்துப் போட்டதை மன்றத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். உள்ளே எல்லாம் துடைத்து எடுத்துவிட்டதால், வெறும் பெட்டிகள். மாலை மரியாதை, பொன்னாடை, புகைப்படம் எல்லாம் சிறப்பாக நடந்தது. பிறகு பெட்டிகளைப் பழைய ஆயாக் கொட்டாயில் அடுக்கிப் பூட்டினார்கள். முன்பு தாய்மார்கள் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போன கொட்டகை அது. இப்போது ஆயாவும் இல்லை, குழந்தைகளும் இல்லை. சாவி செயலாளரிடம் வந்தது. அவர் அதை வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார்.

பெட்டி இருக்கிறது, அதை ஓட்ட விண்டோஸ் மாதிரி ஒரு சிஸ்டம் உள்ளே போட வேண்டுமே. சும்மா கிடைக்கிற சிஸ்டங்கள் இருக்கின்றன என்று யாரோ சொல்ல, ரிங்லெட்டில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் குகனேஸ்வரனை விளக்கம் சொல்லக் கூப்பிட்டார்கள். நல்ல பையன். ஒரு கேள்வி கேட்டால் ஒன்பது பதில் சொல்லுகிற ஒரே ஒரு குறைதான்.

"லினக்ஸ்னு ஒன்னு இருக்கு. சும்மாவே எடுத்துக்கலாம்" என்று ஆரம்பித்தார் குகனேஸ்வரன்.

"சும்மா ஏன் லா தர்றான்?" என்று மடக்கினார் தலைவர் செல்லையா. "எவனாவது சும்மா தருவானா? உள்ள என்னமோ இருக்கு."

"உள்ள என்னா இருக்குன்னு யாரு வேணும்னாலும் தெறந்து பாக்கலாங்கய்யா. எடுத்துப் படிக்கலாம், மாத்தலாம், அடுத்தவங்களுக்கும் குடுக்கலாம். அதான் அதோட சட்டமே."

"ஆடி மாசத்துக் கோயில் கூழு மாதிரி" என்றார் பின்வரிசையிலிருந்து ரஞ்சிதம். "பானையத் தூக்கிட்டு வந்தா ஊத்துவாங்க. ஏன் ஊத்துறீங்கன்னு யாரும் கேக்கறதில்ல."

குகனேஸ்வரன் அதோடு நிறுத்தியிருந்தால் எல்லாம் நலமாக முடிந்திருக்கும். அவர் வெள்ளைப் பலகையில் மரம் வரைய ஆரம்பித்தார். டெபியன் என்று ஓர் அடிமரம். அதிலிருந்து உபுண்டு ஒரு கிளை. அதிலிருந்து மிண்ட் ஒரு கிளை. அந்தப் பக்கம் ஃபெடோரா என்று இன்னொரு மரம். கிளைக்குக் கிளை, கொப்புக்குக் கொப்பு. பலகை நிறைந்து சுவருக்குப் போகப் பார்த்தார்.

"இவ்வளவு எதுக்கு தம்பி?" என்றார் துணைத்தலைவர் ராதாகிருஷ்ணன்.

"ஒருத்தருக்கு ஒன்னு புடிக்கலன்னா, அதையே எடுத்து, கொஞ்சம் மாத்தி, புதுப் பேரு வச்சி, தனியா நடத்தலாங்கய்யா. யாரும் தடுக்க முடியாது."

சபை அப்படியே அமைதியானது. அவர்களுக்குப் புரியாததால் வந்த அமைதி இல்லை அது. இவ்வளவு நன்றாகப் புரிந்த விஷயம் அந்த மன்றத்தில் அதுவரை பேசப்பட்டதே இல்லை. மேல் டிவிஷனில் ஒரே மாரியம்மனுக்கு இரண்டு கோயில். முதல் மரியாதையில் தேங்காய்மூடி யாருக்குப் போகவேண்டும் என்று செல்லையாவின் அப்பாவுக்கும் ராதாகிருஷ்ணனின் அப்பாவுக்கும் வந்த தகராறில், ஒரு கோஷ்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்த் தனிக்கோயில் கட்டிக்கொண்டது. அதே அம்மன், அதே பாட்டு, அதே பொங்கல், வேறு மைக் செட். இதைத்தான் வெள்ளைக்காரன் கம்ப்யூட்டரில் செய்திருக்கிறான் என்று தெரிந்ததும் லினக்ஸ்மேல் எல்லோருக்கும் ஒரு பாசமே வந்துவிட்டது.

பாசம் வந்தால் சண்டை வராமல் இருக்குமா? தலைவர் செல்லையா மிண்ட் பக்கம் சாய்ந்தார். இலைப் படம் போட்டிருப்பது தோட்டத்துக்குப் பொருத்தமாக இருக்கிறதாம். "தேயிலைத் தோட்டத்துல புதினாவுக்கு என்னா வேலை?" என்று ராதாகிருஷ்ணன் உபுண்டு பக்கம் போனார். செல்லையா அதைச் சொல்லியிருந்தால் இவர் மிண்டுக்குப் போயிருப்பார், அவ்வளவுதான் விஷயம். இருவரில் எவரும் எந்தக் கம்ப்யூட்டரையும் தொட்டுப் பார்த்ததில்லை. செயலாளரின் கருத்து என்ன என்று கேட்டார்கள். சாம்பசிவம் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இரண்டு தரப்பு வாதமும் குறிப்பில் ஏறியாச்சு. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கலாம்" என்றார். பலத்த கைதட்டல்.

அடுத்த கூட்டத்திலும் ஒத்திவைத்தார்கள். அதற்கடுத்ததிலும்.

இந்த ஒத்திவைப்பில் உண்மையாக அடி வாங்கியது ஒரே ஓர் ஆள். சாம்பசிவத்தின் மகள் உமாதேவி.

அவள் கோலா தெர்லாவில் காய்கறி கட்டும் கொட்டகையில் வேலை செய்தாள். கோபிஸ் என்று அங்கே சொல்லும் முட்டைக்கோஸையும் தக்காளியையும் ரகம் பிரித்துப் பெட்டியில் அடுக்கி லோரிக்கு ஏற்றும் வேலை. ஈரத்தில் நின்று நின்று கால்விரல் வெந்து போயிருக்கும். அவளுக்குக் கணக்கெழுத வரும், அது பிடிக்கவும் பிடிக்கும். ஈப்போவில் உள்ள ஒரு கல்லூரி இணையம் வழியாக நடத்தும் கணக்கியல் படிப்பில் சேர்ந்து, பாடத்தையெல்லாம் கைப்பேசியிலேயே படித்து முடித்துவிட்டாள். ஆனால் இறுதிப் பரீட்சையைக் கைப்பேசியில் எழுத முடியாது, கம்ப்யூட்டர்தான் வேண்டும். முந்தைய தடவை யாரிடமும் கம்ப்யூட்டர் கிடைக்காமல் பரீட்சையைத் தவறவிட்டாள். கம்போங் ராஜாவில் முன்பிருந்த இண்டர்நெட் கடையில் இப்போது கைப்பேசிக்குச் சட்டை விற்கிறார்கள். இந்தத் தடவையும் விட்டால் படித்ததெல்லாம் வீண் என்று கல்லூரி தெளிவாகச் சொல்லிவிட்டது. கொட்டகை முதலாளியான சீனத் தவ்கேயோ, பரீட்சை அது இது என்று இனி லீவு கேட்காமல் இருந்தால் அவளைக் கட்டும் பிரிவுக்கு மேற்பார்வைக்காரி ஆக்குவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதாவது காலமெல்லாம் கோபிஸ்.

"ப்பா, ஆயாக் கொட்டாயில இருக்கற பொட்டியில ஒன்னு குடுங்கப்பா. பரீட்சை முடிஞ்சதும் திருப்பி வச்சிடறேன்" என்று கேட்டாள்.

சாம்பசிவத்துக்கு மகள்மேல் உயிர். அதனால் அவர் தம்மால் முடிந்த ஆகப்பெரிய உதவியைச் செய்தார். அவளுடைய கோரிக்கையை அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் சேர்த்தார். அதுவும் 'இதர விஷயங்கள்' என்பதில் போடாமல், தனியாக ஒரு தலைப்பே கொடுத்தார். கூட்டத்தில் அதை வாசித்தபோது, சிஸ்டமே முடிவாகாமல் பெட்டியை எப்படிக் கொடுப்பது என்று செல்லையா கேட்டார். கொடுத்தால் எந்தச் சிஸ்டம் போட்டுக் கொடுப்பது என்று ராதாகிருஷ்ணன் கேட்டார். ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைக்கப்பட்டது என்று சொந்தக் கையாலேயே எழுதிவிட்டு வந்து, வீட்டில் மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் மங்கி தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

உமாதேவி அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குத் தேவலை என்று இருந்திருக்கும். "சரிப்பா" என்றாள், அவ்வளவுதான்.

மறுநாள் பட்டப்பகலில் சாவி ஆணியில் இல்லை. மலையிலிருந்து இறங்கிய ரஞ்சிதத்தின் தோளில் கொழுந்துச் சாக்கு வழக்கத்தைவிடச் சதுரமாக இருந்தது. மேலே இரண்டு கைப்பிடி பச்சைக் கொழுந்து தூவியிருந்தது. வழியில் இரண்டு பேர், "என்னாக்கா, இன்னிக்கு இலை நல்ல கனமோ?" என்று கேட்டதற்கு, "கனந்தான்" என்று சொல்லிக்கொண்டே வந்துவிட்டார். மாலையில் சாம்பசிவம் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்து மேசையில் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. சாவி பழையபடி ஆணியில் தொங்கியது.

இப்போது ஒரு செயலாளர் என்ன செய்யவேண்டும்? பார்த்தால் புகார் எழுதவேண்டும். ஆகவே சாம்பசிவம் பார்க்கவில்லை. அந்தச் சிறிய கூடத்தில், நாலடி மேசையில் நிற்கும் பெட்டியை அவர் வாரக்கணக்கில் பார்க்காமலே இருந்தார். சுற்றிக்கொண்டு போனார். காப்பிக் கோப்பையை அதன்மேல் வைத்தார். மழைநாளில் நனைந்த காலுறையை அதன்மேல் காயப் போட்டார். "அந்தச் சத்தம் என்னா?" என்று ஒருநாள் வாய்தவறிக் கேட்டுவிட்டு, "காத்துதான்" என்று தாமே பதிலும் சொல்லிக்கொண்டார்.

சிஸ்டம் எங்கிருந்து வந்தது என்றால், உமாதேவி ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிங்லெட்டுக்குப் பஸ் ஏறிப்போய்க் குகனேஸ்வரனிடம் கேட்டாள். எது நல்லது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்றைக்கும் அங்கேயே நின்றுகொண்டிருப்பாள். "என் பொட்டியில ஓடுற மாதிரி ஒன்னு குடுங்கண்ணே" என்றாள். அவர் சட்டைப் பையில் இருந்த பென்டிரைவை எடுத்துக் கொடுத்தார். அன்று மாலையே பெட்டி ஓடியது. கைப்பேசியை வயரில் மாட்டினால் இணையமும் வந்தது.

இதற்கிடையில் தைப்பூசம் வந்து போனது. மன்றத்தில் வாதம் முற்றி, தலைவரும் துணைத்தலைவரும் ஒருவர் வீட்டுத் துக்கத்துக்கு ஒருவர் போகாத அளவுக்கு ஆனார்கள். கடைசியில் யாரோ, அம்மன் சந்நிதியில் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றார்கள். எந்த அம்மன் என்ற கேள்வி உடனே எழுந்தது. இரண்டு கோயிலும் வேண்டாம், ஆலமரத்தடி முனீஸ்வரர் யார் பக்கமும் சேராதவர் என்று முடிவானது. சிவப்புச் செவ்வந்தி மிண்டுக்கு, மஞ்சள் உபுண்டுக்கு, நியாயம் பார்த்து மற்ற பெயர்களுக்கு வெள்ளை, ஊதா, ரோஸ். கேமரன் மலையில் பூவுக்கா பஞ்சம்? பூ வாங்கிப் பொட்டலம் கட்டும் பொறுப்பு நடுநிலையாளர் சாம்பசிவத்துக்கு.

கோலா தெர்லா பூத்தோட்டத்துத் தவ்கேயிடம் அன்றைக்குத் தனிச் சிவப்பு தீர்ந்திருந்தது. புது ரகம் ஒன்றை நீட்டினார். மொட்டாக இருக்கும்போது வெளியே சிவப்பாகத்தான் தெரிந்தது. சாம்பசிவத்துக்கு லேசாகச் சந்தேகம் வந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், இன்னொரு தோட்டத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் அதெல்லாம் முடிவெடுக்கிற காரியம் அல்லவா? கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்து கட்டிவிட்டார்.

வழக்கமாகப் பொட்டலத்தைக் குழந்தைதான் எடுக்கும். அன்றைக்குப் பள்ளிக்கூட நாள் என்பதால், கோயில் கூட்டும் மணியம்மாவை எடுக்கச் சொன்னார்கள். பல் இல்லாததால் அவரையும் குழந்தைக் கணக்கில் சேர்த்தார்கள். கற்பூரம் காட்டி, முனீஸ்வரருக்குச் சுருட்டும் வைத்து, எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க, மணியம்மா ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சாமிக்கு முன்னால் இருந்த விளக்குச் சூட்டில் மொட்டு நன்றாக விரிந்திருந்தது. இதழெல்லாம் மஞ்சள், ஓரமெல்லாம் சிவப்பு.

"மஞ்சள்!" என்று கத்தினார் ராதாகிருஷ்ணன்.

"கரை சிவப்புய்யா! கரையப் பாத்துதான வேட்டிக்கே பேரு சொல்றோம்!" என்றார் செல்லையா.

"உடம்பு பூரா மஞ்சளு, ஓரத்துல ஒரு கோடு இருந்தா சிவப்பாயிருமா?"

"செயலாளரே, நீங்க சொல்லுங்க. இது என்னா கலரு?"

சாம்பசிவம் பூவைப் பார்த்தார், முனீஸ்வரரைப் பார்த்தார், பேனாவைத் திறந்தார். "பூ வந்தது என்று குறிப்பில் எழுதிக்கொள்கிறேன்" என்றார்.

இனி சேர்ந்து இருக்க முடியாது என்று இரண்டு தரப்பும் அங்கேயே அறிவித்துவிட்டன. இரண்டு மன்றம், இரண்டு கம்ப்யூட்டர் கூடம், ஆளுக்கொரு சிஸ்டம். பெட்டிகளைச் சரிபாதி பிரித்துக்கொள்ள எல்லோரும் ஆயாக் கொட்டாய்க்கு நடந்தார்கள். சாம்பசிவம் சாவியோடு எல்லோருக்கும் பின்னால் போனார். பரீட்சை மறுநாள் காலையில்.

கதவைத் திறந்ததும் மழைக்கால வாடை குப்பென்று அடித்தது. மாதக்கணக்கில் பனிமூட்டம் உள்ளே புகுந்து புகுந்து பெட்டிகள்மேல் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. ஒரு பெட்டியின் பின்பக்கத்திலிருந்து எலி ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு, முக்கியமாக எதுவும் இல்லை என்பதுபோல் திரும்ப உள்ளே போனது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. செல்லையா எண்ணினார். ராதாகிருஷ்ணன் சரிபார்த்தார். ஒன்று குறைந்தது.

அந்தக் கணத்தில் மேல் டிவிஷன் ஒன்றுபட்டது. எலியும் பூனையுமாக இருந்த தலைவரும் துணைத்தலைவரும் தோளோடு தோள் நின்றார்கள். திருட்டு! மன்றச் சொத்து! போலீசில் ரிப்போர்ட் செய்யவேண்டும், இப்போதே வீடு வீடாகப் பார்க்கவேண்டும். சும்மா கிடைத்து, பூட்டி வைத்து, பூஞ்சணம் பிடிக்கவிட்ட சாமானுக்கு இவ்வளவு பாசமா என்று எனக்கே ஆத்திரம் வருகிறது. போகட்டும்.

"சாவி உங்ககிட்டதானே இருந்திச்சு?" என்று செல்லையா கேட்டார். பிறகு குரலைத் தணித்து, நல்ல மனசோடுதான் சொன்னார். "பூட்டு ஒடஞ்சி கெடந்திச்சுன்னு எழுதிருங்க. அந்தக் குடிகார மாடசாமிதான் இந்தப் பக்கம் சுத்திக்கிட்டு இருந்தான். அவன் மேல எழுதிட்டா பிரச்சனை முடிஞ்சிச்சு லா."

பேனா கையில்தான் இருந்தது. மாடசாமி இதைவிடப் பெரிய பழியெல்லாம் சுமந்து பழகியவன், ஒரு வார்த்தை கேட்கமாட்டான். எழுதினால் செயலாளர் பதவி நிற்கும், திருவிழாவில் விபூதித் தட்டு முதலில் வரும், தேடுகிறவர்களும் மாடசாமி வீட்டுப் பக்கம் போய்விடுவார்கள். வாழ்நாள் முழுக்க அவர் செய்ததும் இதுதானே, சொன்னதை எழுதுவது. சாம்பசிவத்துக்கு உமாதேவியின் "சரிப்பா" காதில் கேட்டது. அவருக்கு வெட்கமாக இருந்தது. காலுறையைக் காயப் போட்டதை நினைத்தபோது இன்னும் வெட்கமாக இருந்தது.

"நான்தான் குடுத்தேன்" என்றார்.

"என்னாது?"

"என் மகளுக்கு. பரீட்சை எழுத. குடுக்கலாம்னு நான்தான் முடிவு பண்ணேன்."

பொய்தான். ஆனால் அவர் வாழ்க்கையில் எடுத்த முதல் முடிவு, கொஞ்சம் தாமதமாக எடுத்ததால் முன்தேதி போடவேண்டி வந்தது.

"எந்தக் கூட்டத்துல முடிவாச்சு?" என்று நம்ப முடியாமல் கேட்டார் ராதாகிருஷ்ணன்.

"எந்தக் கூட்டத்துலயும் இல்ல."

கூட்டமே இல்லாமல் ஒரு முடிவா? திருட்டைக்கூட அவர்கள் தாங்கிக்கொண்டிருப்பார்கள். இதைத் தாங்க முடியவில்லை. அங்கேயே சாம்பசிவத்தைப் பதவியிலிருந்து நீக்கினார்கள், ஏகமனதாக. கலையும்போது செல்லையா மட்டும் திரும்பி வந்து, "ஆமா, அதுல என்னா சிஸ்டம் போட்டிருக்கு? மிண்ட்டா?" என்று மெல்லக் கேட்டார். கேட்டுக்கொண்டிருந்த ராதாகிருஷ்ணனும் காதைத் தீட்டினார். சாம்பசிவத்துக்கு உண்மையிலேயே தெரியாது. வீட்டுக்குப் போய் மகளிடம் கேட்டார்.

"பேரு பாக்கலப்பா. ஓடுது" என்றாள் உமாதேவி. பிறகு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்து, "பொட்டி இருக்கறது உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"இன்னிக்குத்தான் பாத்தேன்" என்றார் சாம்பசிவம்.

மறுநாள் காலை, மூடுபனி விலகுவதற்குள் இரண்டு கோஷ்டியும் வாசலுக்கு வந்துவிட்டன. மன்றச் சொத்தை உடனே எடுத்துப்போக வேண்டுமாம். உள்ளே உமாதேவி அப்போதுதான் பரீட்சையைத் திறந்திருந்தாள். ரஞ்சிதம் கொழுந்துக் கத்தரியோடு கதவோரம் வந்து நின்றார். சாம்பசிவம் அவரைக் கையமர்த்திவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தார்.

"தாராளமா எடுத்துக்குங்க" என்றார். "மன்றச் சொத்தாச்சே, மொறைப்படி தீர்மானம் போட்டு எடுங்க. யாரு முன்மொழியிறது?"

"நான்" என்றார் செல்லையா.

"நல்லது. வழிமொழியிறது?"

எல்லோரும் ராதாகிருஷ்ணனைப் பார்த்தார்கள். செல்லையா முன்மொழிந்ததை அவர் வழிமொழிவதா? அவருடைய அப்பா தனிக்கோயில் கட்டியவர். "நான் முன்மொழியிறேன், அவரு வழிமொழியட்டும்" என்றார் ராதாகிருஷ்ணன்.

"ரெண்டு மன்றமா பிரிஞ்சாச்சே" என்று சாம்பசிவம் மிகுந்த பணிவோடு நினைவூட்டினார். "இப்ப இது எந்த மன்றத்துச் சொத்து? அதையும் தெளிவு பண்ணிட்டா நல்லது. அப்பறம், என்னை நீக்கிட்டீங்க. குறிப்பு யாரு எடுக்கறது?"

அது போதும். பூ மஞ்சளா சிவப்பா என்று தொடங்கி, தேங்காய்மூடி வரைக்கும் போனார்கள். மூடுபனி விலகியது, வெயில் வந்தது, மறுபடி தூறல் போட்டது. ரஞ்சிதம் எல்லோருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தார், சண்டை ஓய்ந்துவிடக் கூடாதே என்ற அக்கறையில். அந்த நாற்காலியில் சாம்பசிவம் எவ்வளவு சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார் என்பதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒத்திவைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அத்தனை வருஷ அனுபவமும் அன்றைக்கு ஒருத்திக்காகச் செலவானது.

மதியம் உமாதேவி கதவைத் திறந்தாள். "முடிஞ்சிச்சுப்பா" என்றாள். சாம்பசிவம் எழுந்து நாற்காலியை ஓரமாக இழுத்து வைத்தார். "இப்ப எடுத்துக்கலாம்" என்றார். அவர்களுக்கு அது காதில் விழவில்லை.

உமாதேவி தேறினாள். இப்போது ஈப்போவில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதுகிறாள், காய்ந்த காலோடு. இரண்டு மன்றத்தில் எது எடுத்தாலும் மற்றது வழக்குப் போடும் என்பதால், அந்தப் பெட்டியை இன்றுவரை யாரும் வந்து எடுக்கவில்லை. பூஞ்சணம் பிடித்தவற்றைக் கொட்டாய்க்கு வெளியே எறிந்துவிட்டார்கள். சாம்பசிவம் அதில் ஒன்றைத் தூக்கிப்போய், எலிக்கூட்டைப் பிரித்தெடுத்து, கொழுந்து வாட்டும் மாடியின் வெதுவெதுப்பான காற்றில் கொழுந்தோடு கொழுந்தாகக் காயவிட்டார். மகள் விட்டுப்போன பென்டிரைவை ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் செருகினார்.

திரை வெளிச்சமானது. எடுத்த எடுப்பில் ஒரு கேள்வி, எந்த மொழி? உலகத்து மொழிகளெல்லாம் வரிசையாக நின்றன. சாம்பசிவம் கீழே கீழே இறங்கிப் போய், கடைசிப் பக்கமாக ஓரிடத்தில் நின்றார். தமிழ் என்று தமிழிலேயே எழுதியிருந்தது. பழக்கதோஷத்தில் ஒரு தடவை தலையைத் திருப்பிக் கூடத்தைப் பார்த்தார்.

அடுப்படியிலிருந்து ரஞ்சிதம் எட்டிப் பார்த்தார். "என்னாங்க, வழிமொழியணுமா?"

"வேணாம் லா" என்றார் சாம்பசிவம், அழுத்தினார்.